புழு வாங்குறீங்களா, ஈயம் வாங்குறீங்களா?

கேள்வி: சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன். அப்பாவுக்கு கிட்னி வீக், கிரியேட்டினின் ஏறிட்டே போகுது. கூட வேலை பாக்குற சீன அக்கா, 'டோங் சோங் சியா சாவ்' வாங்கி சூப்புல போட்டுக் குடுங்கன்றாங்க. சைனாடவுன் கடையில தலை சுத்துற விலை. அதையே இங்கிலீஷ்ல கார்டிசெப்ஸ்ன்றாங்க, ஆன்லைன்ல அந்தப் பேர்ல கேப்சூல் சீப்பா கிடைக்குது. எத வாங்கலாம்?

பதில்: ரெண்டும் ஒரே சாமான் இல்லைங்க. அக்கா சொன்னது திபெத் பக்கம் 3,000 மீட்டருக்கு மேல, மண்ணுக்குள்ள இருக்குற ஒரு அந்துப்பூச்சிப் புழுவ பூஞ்சை பிடிச்சு, உள்ளயே தின்னு தீத்துட்டு தலை வழியா குச்சி மாதிரி முளைச்சு வர்றது. பேருக்கே 'குளிர்ல புழு, கோடையில புல்'னுதான் அர்த்தம். மே, ஜூன் மாசத்துல மலையில தவழ்ந்து தவழ்ந்து ஒண்ணொண்ணா தோண்டி எடுக்குறாங்க, அதான் கிலோ பல லட்சம் ரூபா. கேப்சூல்ல இருக்குறது பெரும்பாலும் மிலிட்டாரிஸ்னு வேற வகை, அரிசியில வளக்குற ஆரஞ்சு கலர் காளான். அத போலின்னு சொல்லமாட்டேன், ஆனா முன்னாடி புழு படத்தப் போட்டுட்டு பின்னாடி பொடி எழுத்துல மிலிட்டாரிஸ்னு இருந்தா அந்தக் கடைப்பக்கமே போகாதீங்க.

முழுப் புழுவா வாங்கினா, எடை போட்டு விக்குற சரக்குங்கறதால திருட்டும் எடையிலதான். உள்ள ஈயக் கம்பி சொருகுவாங்க, ஒடஞ்ச துண்ட குச்சி வச்சு ஒட்டுவாங்க. அதனால ஒண்ண ஒடச்சுக் காட்டச் சொல்லுங்க. நிஜப் புழு 3-5 சென்டிமீட்டர் இருக்கும், எட்டு ஜோடி கால், அதுல நடுவுல இருக்குற நாலு ஜோடிதான் பளிச்சுனு தெரியும். எல்லாக் காலும் ஒரே மாதிரி இருந்தா மாவுல அச்சு வார்த்ததுன்னு சந்தேகப்படுங்க.

ஆனா உங்கப்பாவுக்கு நான் ரெண்டையும் வேணாம்னுதான் சொல்வேன். 2016ல சீன அரசோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிச்சது, இந்தப் புழுவுல ஆர்சனிக்ங்கற விஷம் கிலோவுக்கு 4.4ல இருந்து 9.9 மில்லிகிராம் வரை இருக்குன்னு, ஹெல்த் ஃபுட்டுக்கு அங்க லிமிட்டே 1.0தான். கிட்னிக்கு நல்லதுன்னு சீனாவுல ஸ்டடிங்க வந்திருக்கு, எல்லாம் சின்னச் சின்னது, தரமும் சுமார்.

ஏற்கனவே குடுத்திருந்தா கிட்னி டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அக்கா மனசு கோணக்கூடாதுன்னா, டாக்டர் வேணாம்னுட்டாருன்னு அவர் தலையில போட்டுடுங்க.