சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல வீடு வாங்கலாமா? ரேட்டிங்க விடுங்க, பட்ஜெட்ட பாருங்க

கேள்வி: மத்திய நியூ ஜெர்சில ஒரு சின்ன பரோல, அதாவது தனி நிர்வாகம் இருக்கற குட்டி ஊர்ல, வீடு பாத்திருக்கோம் சார். ஊருக்கு ஒரே ஸ்கூல், கேஜில இருந்து 8ஆம் கிளாஸ் வரைக்கும், மொத்தமே 350 பசங்க. ஏஜெண்ட் "ரேட்டிங் 9, கண்ண மூடிட்டு வாங்குங்க"ன்னு சொல்றாரு. அந்த தெருவுல இருக்கற தமிழ் ஃபேமிலி "ஸ்கூல்கிட்ட காசு இல்ல, டீச்சர குறைச்சிட்டாங்க, பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க"ன்னு சொல்றாங்க. ஸ்கூல மூடிடுவாங்களா, டாக்ஸ் எகிறுமா? பொண்ணு 6வது, பையன் 2வது. பட்ஜெட்டுன்னு வெப்சைட்ல ஒரு பிடிஎஃப் கிடக்கு, ஒண்ணும் புரியல.

பதில்: மூடிடுவாங்களாங்கற பயத்த முதல்ல ஓரமா வைங்க. நியூ ஜெர்சில ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ட (ஊர் ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) இன்னொண்ணோட யாரும் ராத்திரியோட ராத்திரியா சேத்துட முடியாது. ஸ்டடி பண்ணணும், ஸ்டேட் ஒத்துக்கணும், அப்புறம் சம்பந்தப்பட்ட ஊர்கள்ல ஜனங்க ஓட்டு போடணும். ஹைலேண்ட்ஸ், அட்லாண்டிக் ஹைலேண்ட்ஸ்னு ரெண்டு சின்ன கடலோர ஊர் இருக்கு, ரெண்டுக்கும் ஏற்கனவே ஒரே ஹைஸ்கூல்தான், அப்படி இருந்தும் வருஷக்கணக்கா பேசி 2023ல ஓட்டு போட்டு, 2024 ஜூலை 1ல இருந்துதான் ரெண்டு ஊர் டிஸ்ட்ரிக்ட், ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு மூணும் ஹென்றி ஹட்சன் ரீஜனல்னு ஒண்ணாச்சு. இணைஞ்சா கெட்டுப்போயிடும்னும் அர்த்தம் இல்ல. 350 பசங்களுக்கு ஒரு முழு ஆபீஸ் நடத்துறத விட அது பல ஊருக்கு நல்லதுதான். இந்த ஒரு ஸ்டேட்ல மட்டும் கிட்டத்தட்ட 600 டிஸ்ட்ரிக்ட் இருக்கு. ஸ்கூல் கணக்கு தணிக்கை பண்றவனா சொல்றேன், இந்த எண்ணிக்கைய நினைச்சாலே எனக்கு கோவம் வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு போர்டு, ஒரு ஆடிட், ஒரு வக்கீல், அத்தனையும் பசங்க காசு.

நீங்க கவலைப்பட வேண்டியது வேற விஷயம். வருஷா வருஷம் வர்ற செலவுக்கு ஸ்கூல் எந்த காச எடுக்குதுங்கறது.

அந்த பிடிஎஃப்புக்கு "யூசர் ஃபிரெண்ட்லி பட்ஜெட்"னு பேரு. பேருக்கும் உள்ள இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல, அத படிச்சு புரியலன்னா உங்க தப்பு இல்ல. ரெண்டே பக்கம் பாருங்க போதும். "அட்வர்டைஸ்ட் ரெவென்யூஸ்"னு ஒரு பக்கம் இருக்கும். பக்கத்துல பக்கத்துல மூணு பத்தி, போன வருஷ உண்மை கணக்கு, இந்த வருஷம், வரப்போற வருஷம். முதல் வரிகள்லயே "பட்ஜெட்டட் ஃபண்ட் பேலன்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதாவது சேமிப்புல இருந்து எடுத்து செலவுக்கு போடறது. அதுக்கு பக்கத்துலயே "லோக்கல் டாக்ஸ் லெவி", அது உங்க மாதிரி வீட்டுக்காரங்க கட்றது. இன்னும் கீழ ஸ்டேட் எய்ட், அதாவது மாநில அரசு ஸ்கூலுக்கு தர்ற காசு. இப்ப இன்னொரு பக்கத்துக்கு போங்க, "ரீகேபிட்ஜுலேஷன் ஆஃப் பேலன்சஸ்". கேபிடல் ரிசர்வ், மெயின்டெனன்ஸ் ரிசர்வ், கையிருப்புன்னு வருஷக்கடைசியில எவ்வளவு மிச்சம்னு போட்டிருக்கும். முதல் பக்கத்துல எடுக்கற தொகை ஏறிக்கிட்டே வந்து, ரெண்டாவது பக்கத்துல மிச்சம் தேய்ஞ்சுக்கிட்டே வருதுன்னா, அந்த ஸ்கூல் நகைய அடகு வச்சு மளிகை வாங்குதுன்னு புரிஞ்சுக்கோங்க. அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ டீச்சர் போவாங்க, மியூசிக் போகும், லேட் பஸ் போகும். பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னது அனேகமா இதத்தான்.

ஒண்ணு மட்டும், கையிருப்பு சின்னதா இருக்கேன்னு பதறாதீங்க. பட்ஜெட்ல 2 சதவீதம், இல்லாட்டி 2,50,000 டாலர், இதுல எது பெருசோ அதுக்கு மேல பொது கையிருப்பு வச்சுக்க சட்டமே விடாது, மிச்சத்த வரிய குறைக்க பயன்படுத்தணும். நல்லா நடத்தற டிஸ்ட்ரிக்ட் கூட அந்த இடத்துல சின்ன நம்பர்தான் காட்டும். நீங்க பாக்க வேண்டியது வருஷத்துக்கு வருஷம் அது எந்த பக்கம் போகுதுங்கறது.

இப்ப டாக்ஸ். "2 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது, சட்டம் இருக்கு"ன்னு உங்ககிட்ட யாராவது கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. சட்டம் உண்மை, 2010ல கவர்னர் கிறிஸ்டி காலத்துல வந்தது. ஆனா இத அரைகுறையா நம்பி வாங்கிட்டு அப்புறம் பில்ல பாத்து அதிர்ச்சியாகறவங்கதான் அதிகம், அதனால இத கொஞ்சம் இழுத்தே சொல்றேன். முதல் விஷயம், அந்த 2 சதவீதம் ஊர் மொத்தமா ஸ்கூலுக்கு கட்ற தொகைக்கு, உங்க பில்லுக்கு இல்ல. ஊர்ல ரீவேல்யுவேஷன், அதாவது எல்லா வீட்டு மதிப்பையும் புதுசா கணக்கு போடறது, நடந்து உங்க வீட்டு மதிப்பு மத்தவங்களுத விட அதிகமா ஏறுச்சுன்னா ஸ்கூல் ஒரு பைசா ஏத்தாமயே உங்க பில் ஏறும். ரெண்டாவது, எம்ப்ளாயீஸோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் செலவு ஒரு அளவுக்கு மேல எகிறினா அதுக்கு தனி விலக்கு, பென்ஷன் செலவுக்கும் உண்டு, பசங்க எண்ணிக்கை கூடினா அதுக்கும் உண்டு. மூணாவது, போன வருஷங்கள்ல 2 சதவீதத்த முழுசா ஏத்தாம விட்டிருந்தா அந்த மிச்சத்த "பேங்க்ட் கேப்"னு சேத்து வச்சு அடுத்த மூணு வருஷத்துக்குள்ள எப்ப வேணா எடுத்துக்கலாம், அதனால "நாங்க மூணு வருஷமா வரியே ஏத்தல"ன்னு பெருமையா சொல்ற ஊர்ல கொஞ்சம் உஷாரா இருங்க. நாலாவதுதான் பெருசு. கூரை மாத்தறது, பாய்லர், கிளாஸ்ரூம் கட்றதுன்னு பாண்ட் போட்டா அந்த கடன் இந்த 2 சதவீத கணக்குலயே வராது. ஜனங்க ஓட்டு போட்டு ஒத்துக்கணும், ஒத்துக்கிட்டா ஸ்டேட் தகுதியான செலவுல ஒரு பங்கு தரும், மிச்சம் பல வருஷத்துக்கு உங்க பில்லுல தனியா உக்காந்துக்கும். பழைய கட்டடம் ஒண்ணே ஒண்ணு இருக்கற ஊர்ல அந்த செலவ பங்கு போட வேற கட்டடமும் இல்ல, பெரிய கடை கம்பெனியும் இல்ல, வீட்டுக்காரங்க மட்டும்தான். அதனால லாங் ரேஞ்ச் ஃபெசிலிட்டீஸ் பிளான்ல, அதாவது கட்டட வேலைகளுக்கான நீண்டகால திட்டத்துல, என்ன இருக்கு, ரெஃபரெண்டம் (பாண்டுக்கு ஜனங்க ஓட்டு) பேச்சு இருக்கான்னு கேக்காம கையெழுத்து போடாதீங்க.

நியூ ஜெர்சில ஆவரேஜ் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் 2024ல 10,000 டாலர தாண்டிடுச்சு, அதுல பாதிக்கு மேல ஸ்கூலுக்குத்தான் போகுது. இவ்வளவு கட்டியும் ஏன் பத்தலன்னா, ஸ்டேட் எய்ட். 2018ல எஸ்-2ன்னு ஒரு சட்டம் கொண்டு வந்து ஃபார்முலாப்படி அதிகமா வாங்கறதா கணக்கு வந்த ஊர்களுக்கு 2024-25 வரைக்கும் ஏழு வருஷம் படிப்படியா வெட்டினாங்க. பசங்க குறைஞ்ச சின்ன ஊர்களும் இதுல மாட்டுச்சு. பசங்க 10 சதவீதம் குறைஞ்சா செலவு 10 சதவீதம் குறையாது, பஸ் ஓடணும், ஹீட்டிங் போடணும், ஒரு கிரேடுக்கு 15 பசங்க வந்தாலும் ஒரு டீச்சர் வேணும். இது ஃபார்முலா எழுதினவங்களுக்கு தெரியாதா? 2025-26க்கு வெட்டு 3 சதவீதத்துக்கு மேல போகாதுன்னு ஒரு வரம்பு வச்சாங்க, ஏழு வருஷம் கழிச்சு. இதுல இன்னொரு கொடுமை, எவ்வளவு வரும்ங்கற நம்பரே பிப்ரவரி கடைசி மார்ச்லதான் தெரியும், சில வாரத்துல டென்டேட்டிவ் பட்ஜெட், அதாவது உத்தேச பட்ஜெட், கவுண்டி ஆபீஸுக்கு போயிடணும். அவசரத்துல வெட்றது எப்பவும் சின்ன பசங்க கிளாஸ்லதான் விழும்.

இன்னொண்ணும் காதுல விழும், "ஸ்பெஷல் எட் (சிறப்பு கவனிப்பு தேவைப்படற) பசங்களாலதான் காசு போச்சு"ன்னு. அத யார் சொன்னாலும் நம்பாதீங்க, நீங்களும் சொல்லாதீங்க. ஒரு குழந்தைக்கு வெளிய தனி ஸ்கூல் தேவைன்னா அது அந்த குழந்தையோட சட்ட உரிமை, 1975ல இருந்து. பிரைவேட் ஸ்கூல்ல 55,000 டாலருக்கு மேல ஆகற செலவுலதான் ஸ்டேட் எக்ஸ்ட்ராஆர்டினரி எய்டுன்னு கொஞ்சம் தரும், அதுவும் முழுசா இல்ல, வருஷம் முடிஞ்ச பிறகு. சின்ன ஊரோட பட்ஜெட் அதுல ஆடிப்போகுதுன்னா குறை குழந்தைகிட்ட இல்ல, காச லேட்டா குறைச்சு தர்ற ஸ்டேட்கிட்ட.

இப்ப உங்க ஏஜெண்ட். ரேட்டிங் 9ன்னு சொல்றவர்கிட்ட "எத்தன பசங்க எழுதின டெஸ்ட்டுக்கு?"ன்னு கேளுங்க. ஒரு கிரேட்ல 40 பேர் இருந்தா ஒரு பையன் காய்ச்சலோட எழுதினாலே ரெண்டரை சதவீதம் மாறும். ஸ்டேட்டே 10 பேருக்கு கீழ இருந்தா நம்பர மறைச்சிடும். அந்த 9 முக்கால்வாசி சொல்றது ஊர்ல பெத்தவங்க வருமானத்தத்தான். நீங்க பாக்க வேண்டியது நியூ ஜெர்சி ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ல "மீடியன் எஸ்ஜிபி". போன வருஷம் இதே லெவல்ல இருந்த பசங்களோட ஒப்பிட்டா இந்த பசங்க எவ்வளவு வளந்தாங்கன்னு அது சொல்லும். 40ல இருந்து 60க்குள்ள சாதாரணம், அதுக்கு மேல நல்லது. மூணு வருஷத்துத பக்கத்துல பக்கத்துல வைங்க, ஒரு வருஷத்துத மட்டும் பாக்காதீங்க.

இன்னொரு ஏமாத்து வேலை அட்ரஸ். பிரின்ஸ்டன்னு தபால் அட்ரஸ் இருக்கற எத்தனையோ வீடு உண்மையில சவுத் பிரன்ஸ்விக்லயும் வெஸ்ட் விண்ட்சர்லயும் பிளெயின்ஸ்பரோலயும் மான்ட்கோமரிலயும் இருக்கு. அந்த ஸ்கூல்களும் நல்ல ஸ்கூல்தான், ஆனா நீங்க பிரின்ஸ்டன் ஸ்கூலுக்குன்னு நினைச்சு கூட காசு குடுத்திருப்பீங்க. நம்ம ஆளுங்களோட வாட்ஸ்அப் குரூப்ல "பிரின்ஸ்டன் அட்ரஸ்"னு கொட்டை எழுத்துல போட்டு விக்கறவங்க, நம்ம பாஷைல பேசறாங்கங்கறதுக்காக நம்பி வாங்கறோம். எந்த டவுனுக்கு டாக்ஸ் கட்றோமோ அந்த டவுன் ஸ்கூல்தான். டாக்ஸ் பில்ல வாங்கி முனிசிபாலிட்டி பேர படிங்க. வீட்டு சைட்கள்ல போட்டிருக்கற ஸ்கூல் பேர நம்பாதீங்க, அந்த சைட்களே கீழ சின்ன எழுத்துல நீங்களே சரி பாத்துக்கோங்கன்னு போட்டிருப்பாங்க. கமிஷன் வாங்கற ஏஜெண்ட்டுக்கு க்ளோஸிங் அன்னிக்கே, வீடு கை மாறற நாள்லயே, வேலை முடிஞ்சது, உங்களுக்கு அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது.

உங்க வீட்டுக்கு எது முக்கியம்னு கேட்டா, ரேட்டிங்கும் இல்ல, பொண்ணோட ஹைஸ்கூல்தான். 8ஓட முடியற டிஸ்ட்ரிக்ட் 9ல இருந்து பசங்கள இன்னொரு ஊருக்கு அனுப்பும். கிரான்பரி பசங்க பிரின்ஸ்டன் ஹைக்கு போறாங்க, ஜேம்ஸ்பர்க் பசங்க மன்ரோ டவுன்ஷிப் ஹைக்கு போறாங்க. ஒரு பையனுக்கு இவ்வளவுன்னு உங்க ஊர் அந்த ஊருக்கு ட்யூஷன், அதாவது படிப்பு கட்டணம், கட்டும், அந்த ரேட்ட முடிவு பண்றதுல உங்க ஊருக்கு பெரிய குரல் இல்ல, முதல்ல ஒரு உத்தேச தொகை, அப்புறம் உண்மை செலவு வந்ததும் பாக்கி கேப்பாங்க. அந்த வருஷம் பட்ஜெட் இடிக்கும். ஆனா ஒரு நிம்மதி, அனுப்பற ஹைஸ்கூல மாத்தணும்னா ஸ்டடி பண்ணி ஸ்டேட் எஜுகேஷன் கமிஷனர்கிட்ட ஒப்புதல் வாங்கணும், அதனால உங்க பொண்ணு 9வது போறதுக்குள்ள அனேகமா மாறாது.

ஆக வாங்கலாமா? சேமிப்பு தேயாம இருந்து, எஸ்ஜிபி மூணு வருஷமும் 50ஐ ஒட்டி இருந்து, ஹைஸ்கூல் உங்களுக்கு பிடிச்சிருந்தா தாராளமா வாங்குங்க, சின்ன ஸ்கூல்ல உங்க பையன பேர் சொல்லி கூப்பிடுவாங்க, அது பெரிய விஷயம். சேமிப்பு தேயுதுன்னா, வருஷத்துக்கு இன்னும் 1,000 டாலர் டாக்ஸ் தாங்குமான்னு கணக்கு போட்டுட்டு விலைய பேசுங்க.

கையெழுத்துக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு போன் போட்டு, கணக்கு வழக்க பாத்துக்கற பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர கேளுங்க. டிஸ்ட்ரிக்ட் தலைமை அதிகாரி சூப்பரின்டென்டென்ட் வேண்டாம், அவர் நல்லதா மட்டும்தான் பேசுவார். அடுத்த வருஷ பட்ஜெட்ல சேமிப்புல இருந்து எவ்வளவு எடுக்கறீங்க, ஹைஸ்கூல் ட்யூஷன் பாக்கி எதாவது வரப்போகுதா, பாண்ட் ரெஃபரெண்டம் பிளான் இருக்கா. இதெல்லாம் பப்ளிக் விஷயம், விசா என்னன்னு யாரும் கேக்கப்போறதில்ல. ஏப்ரல் கடைசி மே முதல் வாரத்துல பட்ஜெட் ஹியரிங் நடக்கும், முடிஞ்சா போய் உக்காருங்க. அதுக்குள்ள ஏஜெண்ட் "இன்னொரு பார்ட்டி இருக்கு, இன்னிக்கே போடுங்க"ன்னு அவசரப்படுத்தினா, ஏஜெண்ட் தயார் பண்ற கான்ட்ராக்ட்ல 3 பிசினஸ் டே அட்டர்னி ரிவ்யூ உண்டு, அதுக்குள்ள உங்க வக்கீல் ஒரு லெட்டர் போட்டா வெளிய வந்துடலாம். அந்த வக்கீல ஏஜெண்ட் கைகாட்டி விடாம நீங்களே தேடிக்கோங்க.