மக்கும் பை பயோகேஸ் தொட்டியில் மக்குமா?

கேள்வி: பால் கவரைப் பயோகேஸ் தொட்டியில் போட்டால் எத்தனை நாளில் மக்கும்? (திருச்சி)

மக்காது. கழுவிக் காயவைத்துப் பழைய பொருள் கடைக்குப் போடுங்கள்.

கேள்வி: ‘100% மக்கும்’ என்று அச்சிட்ட பையிலேயே சமையல் கழிவைக் கட்டித் தொட்டியில் போட்டோம். மூன்று மாதமாகியும் பைகள் அப்படியே மிதக்கின்றன. எங்கே தவறு? (பொள்ளாச்சி வாசகி)

உங்கள் மேல் தவறில்லை. நானும் இதே பையை நம்பி நான்கு கட்டு வாங்கியவன். ஒருநாள் நுழைவுக் குழாய் அடைத்துக்கொள்ள, கம்பியை விட்டு இழுத்தேன். முதலில் வந்த பையின் முடிச்சுகூட அவிழவில்லை. பச்சை எழுத்து பளிச்சென்று இருந்தது. உள்ளே முருங்கைக்காய்ச் சக்கை கறுத்துக் கிடந்தது.

‘மக்கும்’ என்று எழுதுபவர்கள் எங்கே மக்கும் என்று ஏன் எழுதுவதில்லை? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மக்கும் பைகளுக்கான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரம் காற்றோட்டமும் 58 டிகிரி அளவுக்குச் சூடும் உள்ள உரக்கிடங்குக்கானது. உங்கள் தொட்டியில் காற்றே கிடையாது, சூடும் 30, 35 டிகிரிதான். பிஎல்ஏ என்ற சோளமாவு வழிப் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினால்தான் இளகும். 55 டிகிரியில் ஓடும் பெரிய பயோகேஸ் ஆலைகளில் வாரக்கணக்கில் கரைந்து மீத்தேன் தரும். 37 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பையை வளைய வைக்கச் சேர்க்கும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் காற்றில்லாத இடத்தில் இன்னும் பிடிவாதம். ஸ்டார்ச் கலந்திருந்தால் நுண்ணுயிர்கள் அதை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். பிஎச்ஏ என்ற வகை மட்டும் உங்கள் தொட்டிச் சூட்டிலேயே செரிக்கும். ஆனால் அது விலை கூடிய சரக்கு, சாதாரணக் கடைப் பையில் எதிர்பார்க்க முடியாது. ஜெர்மனியில் பல உணவுக்கழிவு எரிவாயு ஆலைகள் மக்கும் பையையும் இயந்திரத்தால் பிரித்து வெளியேதான் எடுக்கின்றன.

பில் இருந்தால் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

கேள்வி: மக்கும் பை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி வாங்கி என் சிறு மளிகைக்கடையில் வைத்தேன். மாநகராட்சியினர் சாதாரணப் பிளாஸ்டிக் என்று பறிமுதல் செய்து அபராதமும் போட்டார்கள். (சேலம்)

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பறிமுதல் ரசீதையும் ஏஜென்ட் தந்த பில்லையும் பத்திரமாக வையுங்கள். பைகளை மறுவிற்பனைக்கு வாங்காமல், பிழைப்புக்கான உங்கள் சுயதொழிலில் பயன்படுத்த மட்டும் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அடுத்த முறை தயாரிப்பாளருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த சான்றிதழைக் கேட்டு, பையில் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா பவுடர் 1,800 ரூபாய்க்கு வாங்கித் தொட்டியில் போட்டேன். பில் இல்லை, கம்பெனி பெயரும் நினைவில்லை. பணம் திரும்புமா? (சென்னை)

யாரிடம் கேட்பது? 1,800 ரூபாய் கொடுக்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதுமே! 2016இல் ஜப்பானில் கண்டறிந்த பாக்டீரியா உண்மைதான். அது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை மட்டும், அதுவும் மெல்லிய ஏடாக இருந்தால், ஆய்வகத்தில் சுமார் ஆறு வாரத்தில் சிதைத்தது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். உங்கள் தொட்டியில் அது இல்லை.

கேள்வி: அப்படியானால் கழிவை எதில் கட்டிப் போடுவது? (மதுரை)

எதிலும் கட்டாதீர்கள். மூடி போட்ட வாளியில் சேர்த்து, பொடியாக நறுக்கி, தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.