பத்திரத்தில் வரும் ‘மாகாணி பங்கு’

உங்கள் தாத்தாவின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் “வீட்டில் மாகாணி பங்கு” என்று இருப்பதாகவும், அது ஏதோ மாகாணத்தைக் குறிக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அது ஒரு பின்ன எண், பதினாறில் ஒன்று.

சொல்லைப் பிரித்தாலே கணக்கு வந்துவிடும். மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. வீசம் என்பதும் இதே அளவுதான். அரைக்காலில் (1/8) பாதி என்று நினைவு வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. (அரைக்கால் என்பது காலில் பாதி.)

வீடு 1,600 சதுர அடி என்றால் மாகாணி பங்கு 100 சதுர அடி. “அரைக்காலே மாகாணி” என்று எழுதியிருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும்: 3/16, அதாவது 300 சதுர அடி.

அப்புறம் ஒன்று. மா, காணி இரண்டும் நில அளவாகவும் வரும். தஞ்சைப் பக்கம் 20 மா ஒரு வேலி. அதனால் “நஞ்சை 3 மா” என்று இருந்தால் அது பங்கு இல்லை, பரப்பு. உங்கள் பத்திரத்தில் பக்கத்திலேயே ‘பங்கு’ என்று இருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை. மற்றவர்களின் பங்குகளையும் கூட்டிப் பாருங்கள், மொத்தம் சரியாக ஒன்று வர வேண்டும்.