சுர்ரோவும் கெட்டிச் சாக்லேட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கெட்டிச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடும், எண்ணெயில் பொரித்த குச்சி வடிவப் பலகாரமான ஸ்பெயின் நாட்டுச் சுர்ரோவை வீட்டில் செய்வதற்கென்று ஆயத்த மாவுக் கலவை விற்கிறார்கள். விலை அதிகமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு குவளை மைதா, சிட்டிகை உப்பு, ஒரு குவளை கொதிநீர், அவ்வளவுதான் மாவு. முட்டையும் வெண்ணெயும் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் வேறு வகைப் பலகாரத்துக்கு உரியவை.

கேள்வி: எண்ணெயே தேவையில்லை என்ற விளம்பரத்தை நம்பி மின்சாரச் சுர்ரோ அச்சு ஒன்றை வாங்கினேன். பலகாரம் மென்மையாகவே வருகிறது. என்ன தவறு?

பதில்: தவறு விளம்பரத்தில் இருக்கிறது. அந்தக் கருவி குச்சி வடிவில் கேக் சுடுகிறது. என் வீட்டுப் பரணிலும் அப்படியொன்று கிடக்கிறது என்பதால் உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

கேள்வி: எஃகினால் ஆன பிழியும் குழல் என்று இணையத்தில் போட்டிருந்தது, வந்ததோ பிளாஸ்டிக். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: அவர் சொல்வது சட்டப்படி செல்லாது. விளம்பரத்தில் கூறிய தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் என்று எப்படித் தெரியும்? விளம்பரப் பக்கத்தையும் வந்த பொருளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு, முள்ளு முறுக்குப் பிழியும் அச்சில் பெரிய ஒற்றை நட்சத்திரத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

கேள்வி: காணொளியைப் பார்த்து, தேன்குழல் அச்சில் பிழிந்து பொரித்தேன். சுர்ரோ வெடித்து எண்ணெய் கையில் தெறித்தது. என் கவனக்குறைவா?

பதில்: இல்லை. உங்களை எச்சரிக்க வேண்டியவர் எச்சரிக்கவில்லை. வட்டத் துளையில் பிழிந்த மாவின் மேற்புறம் முதலில் இறுகிவிடுவதால், உள்ளே உருவாகும் நீராவி வெளியேற வழியின்றி வெடிக்கிறது. நட்சத்திர விளிம்புகள் மாவு சீராக வேகவும் விரியவும் உதவுகின்றன. அவை அழகுக்காக வைத்தவை அல்ல. மாவை அச்சில் அழுத்தி நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். எண்ணெய் 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும்.

சிலி நாட்டின் ‘லா தெர்செரா’ நாளிதழ் 2004 இல் வெளியிட்ட சுர்ரோ குறிப்பில் எண்ணெயை 250 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்லியிருந்தது. அதன்படி செய்து காயமடைந்த 13 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011 இல் உத்தரவிட்டது. குறிப்பை முழுமையாகச் சோதிக்காமல் அச்சிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டின் சாரம். காணொளி போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: விலை உயர்ந்த ‘டிரிங்கிங் சாக்லேட்’ தூளைப் பாலில் எவ்வளவு கொட்டினாலும் ஸ்பெயினில் தருவதைப் போல் கெட்டியாவதில்லை. போலியா?

பதில்: போலி இல்லை, நீங்கள் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கவில்லை. சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் சர்க்கரை இருந்தால் நீங்கள் வாங்கியது கோகோ மணம் கொண்ட சர்க்கரை. முன்புறத்தில் ஆவி பறக்கும் கோப்பையின் படத்தைப் போட்டுவிட்டால் பின்புறத்தை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’ கட்டியும் இப்படித்தான் சாக்லேட் கட்டிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது.

காய்ச்சிக் குடிப்பதற்கென்றே ஸ்பெயினில் விற்கும் ‘சாக்லேட் அ லா தாசா’ கெட்டியாவதற்குக் காரணம் மாவு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதில் கோகோ திண்மம் குறைந்தது 35 விழுக்காடு இருக்க வேண்டும். கோதுமை, அரிசி அல்லது மக்காச்சோள மாவு 8 விழுக்காடு வரை இருக்கலாம். ஆகவே அரை லிட்டர் பாலுக்கு 100 கிராம் உண்மையான கறுப்புச் சாக்லேட்டும், குளிர்ந்த பாலில் கரைத்த இரண்டு தேக்கரண்டி மக்காச்சோள மாவும் (கார்ன்ஃப்ளார்) சேர்த்து, கொதி வரும்வரை கைவிடாமல் கிளறினாலே கெட்டியாகிவிடும். தூளுக்கு மேல் தூளாகக் கொட்டியது வீண் செலவு.

கேள்வி: மாட்ரிட்டில் சாப்பிட்டது தடிமனாக, உள்ளே பஞ்சுபோல் இருந்தது. பெரிய அச்சு வாங்கினால் அப்படி வருமா?

பதில்: வராது. நீங்கள் சாப்பிட்டது போர்ரா. அதன் மாவில் புளிக்கவோ உப்பவோ வைக்கும் பொருள் சேர்ப்பார்கள். அச்சை மாற்றி மாவை மாற்ற முடியாது.