நீட் ரெக்கார்ட்ஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்பதுகளின் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் ராக் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசைத்தட்டு லேபிள் கைதூக்கிவிட்ட டைகர்ஸ் ஆஃப் பேன் டாங், ரேவன் போன்ற குழுக்கள், பேர் கிடைத்ததும் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட்டன. இது நன்றி மறந்த செயல் இல்லையா? நீட் சரிந்ததற்கு அவர்கள்தானே காரணம்?

கே.

அன்புள்ள கே.,

நன்றி மறந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில், அன்று கப்பல் கட்டும் ஊராக இருந்தது வால்ஸெண்ட். அங்கே இம்பல்ஸ் என்ற ஸ்டூடியோவை வைத்திருந்த டேவிட் வுட் 1979இல் தொடங்கியதுதான் நீட். ஸ்டூடியோ சொந்தம் என்பதால் பதிவுச் செலவு கையைக் கடிக்கவில்லை. 1980இல் டைகர்ஸின் முதல் சிங்கிள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு, வந்தது. சீக்கிரமே எம்சிஏ என்ற பெரிய கம்பெனி அவர்களை அழைத்துக்கொண்டது.

அப்புறம் நீட்டின் இன்னொரு குழு, வெனம். அதன் பாடகர் குரோனோஸ் அந்த ஸ்டூடியோவிலேயே வேலை பார்த்த பையன். முதலாளியை நச்சரித்துத்தான் தன் குழுவுக்கு நேரம் வாங்கினார். 1981இல் மூன்றே நாளில் பதிவான ‘வெல்கம் டு ஹெல்’லை அவர்கள் டெமோ, அதாவது வெறும் மாதிரிப் பதிவு என்றே நினைத்திருந்தார்கள், லேபிள் அதையே ஆல்பமாக வெளியிட்டது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கிடாரும் பாஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரைகின்றன. டிரம்ஸ் பக்கத்து அறையில் யாரோ தட்டுவதுபோல இருக்கிறது. பெரிய கம்பெனி என்றால் திரும்பப் பதிவுசெய்யச் சொல்லியிருக்கும். அந்தக் கரடுமுரடான சத்தத்தைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ‘பிளாக் மெட்டல்’ ஆல்பத்தின் தலைப்பு ஓர் இசைவகைக்கே பெயரானது. 1984இல் வெனத்தின் ஐரோப்பியக் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் வாசித்தது யார் தெரியுமா, மெட்டாலிகா!

சரி, காசுக்கு வருவோம். சின்ன லேபிள், தட்டு அச்சடிக்க முதலில் கைக்காசைப் போட வேண்டும். அது கடையில் விற்று, விநியோகஸ்தர் வழியாகத் திரும்பிவர மாதக்கணக்காகும். அதற்குள் இன்னும் தட்டு கேட்பார்கள். அதற்கும் காசு வேண்டும். நன்றாக விற்கும் தட்டுதான் கல்லாவைக் காலியாக்கும். இதில் குழுவுக்கு முன்பணமும் வெளிநாட்டுப் பயணச் செலவும் எங்கிருந்து வரும்? ரேவன் அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனிக்குப் போனதில் எனக்கு வியப்பே இல்லை. வேனில் படுத்துத் தூங்கி ஊர் ஊராய் வாசிக்கும் பையன்களிடம் போகாதே என்று யார் சொல்வது?

என் வருத்தம் வேறு. எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எழுந்த த்ராஷ் என்ற அதிவேக மெட்டல் குழுக்கள், வெனத்திடமும் ரேவனிடமும் கற்றதை இன்னும் வேகமாக, இன்னும் துல்லியமாக வாசித்தன. அவர்களுக்கு ஈடுகொடுக்கும் அடுத்த குழு நீட்டுக்கு வாய்க்கவில்லை. பழைய பதிவுகள் பிற்பாடு சாங்க்சுவரி என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் கைக்குப் போயின.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ‘நீட் மெட்டல்’ என்று அந்தப் பெயரை மறுபடி தூக்கி நிறுத்தியவர் ஜெஸ் காக்ஸ். டைகர்ஸின் அந்த முதல் சிங்கிளில் பாடியவர் அவர்தான்.