ஒன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு கைப்பை: வாங்கலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐ.டி. வேலை, வயது முப்பத்தெட்டு. அடுத்த மாதம் அலுவலக வேலையாகப் பாரிஸ் போகிறார், கையில் போனஸ் பணம் இருக்கிறது. லூயி விட்டான் என்ற பிரெஞ்சுப் பிராண்டின் நெவர்ஃபுல் பை ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. நம் கணக்கில் சுமார் ஒன்றரை லட்சம் ஆகும். "அந்தக் காசுக்குப் பவுன் வாங்கிப் போட்டாலாவது நாளைக்கு ஆகும்" என்கிறார் கணவர். "பிராண்டு பையும் விலை ஏறுகிறதே, அதுவும் முதலீடுதானே" என்கிறார் இவர். பைக்கு அந்த விலை தகுமா, ஆன்லைனில் பழையதாக வாங்கினால் மிச்சமாகுமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஏற்றுமதிக்குத் தோல் பை தைக்கும் யூனிட்டில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது சென்னை பெரியமேட்டில் பை பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கடையில் பளபளக்கும்போது அல்ல, பிரிந்து கிழிந்த பிறகுதான் இந்தப் பைகள் என் மேசைக்கு வரும். அங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான நெவர்ஃபுல் தோல் பை அல்ல. உடல் முழுக்கப் பருத்திக் கேன்வாஸ், அதன்மேல் பி.வி.சி. பூச்சு. தோல் இருப்பது கைப்பிடியிலும் ஓரப் பட்டைகளிலும்தான். இதை அவர்கள் மறைப்பதில்லை, கோட்டட் கேன்வாஸ் என்றுதான் விற்கிறார்கள். நம்மவர்கள்தான் ஒன்றரை லட்சம் என்றதும் தோலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதற்காக மட்டமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. 1854-ல் பாரிஸில் லூயி விட்டான் என்பவர் பயணப் பெட்டி செய்யத் தொடங்கிய கடை அது. கப்பலிலும் ரயிலிலும் போகும் பெட்டி நனையக் கூடாது, கனக்கவும் கூடாது. அதற்காக வந்தது கேன்வாஸ். எல்லோரும் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்ததால், அதைத் தடுக்க 1896-ல் அவருடைய மகன் ஜார்ஜ் கொண்டுவந்ததுதான் அந்த எழுத்தும் பூவும் போட்ட மோனோகிராம். இன்று உலகத்திலேயே அதிகம் காப்பியடிக்கப்படும் டிசைன்களில் அதுவும் ஒன்று. பாவம், ஜார்ஜ்! எப்படியோ, அந்தக் கேன்வாஸ் லேசானது, மழைக்குத் தாங்கும், ஒழுங்காக வைத்திருந்தால் இருபது வருடம் உழைக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் மட்டும் நாளடைவில் மடிப்புகளில் வெடிக்கும்.

அப்படியென்றால் ஒன்றரை லட்சம் எதற்கு? நகைக்கடை பில்லை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் விலை ஒரு வரி, செய்கூலி சேதாரம் இன்னொரு வரி. விற்கப் போனால் முதல் வரிதான் கைக்கு வரும். இந்தப் பைகளின் பில்லில் முதல் வரி ரொம்பச் சின்னது. மீதி கடை வாடகை, விளம்பரம், நடிகைகள், ஃபேஷன் ஷோ, அப்புறம் லாபம். லூயி விட்டானும் டியோர் என்ற இன்னொரு பிராண்டும் எல்.வி.எம்.ஹெச். குழுமத்தைச் சேர்ந்தவை. அதன் ஃபேஷன், தோல்பொருள் பிரிவு 2023-ல் சுமார் 4,200 கோடி யூரோவுக்கு விற்று, 1,680 கோடி யூரோ செயல்பாட்டு லாபம் பார்த்தது. விற்ற ஒவ்வொரு நூறு யூரோவிலும் நாற்பது. நான் வேலை பார்த்த யூனிட்டில் நூற்றுக்குப் பத்து நின்றாலே முதலாளி பிரியாணி போடுவார்.

தைப்பவர் கைக்குப் போவது எவ்வளவு என்பதும் ஒரு வழக்கில் வெளியே வந்தது. மிலான் நகரைச் சுற்றியுள்ள பட்டறைகளைப் பற்றிய விசாரணையில் 2024-ல் நீதிமன்ற ஆவணங்கள் வெளிவந்தன. டியோர் கடையில் சுமார் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது 53 யூரோ. தோலும் மற்ற பொருட்களும் இதில் சேரவில்லை, அது தனி. ஆனாலும் 53 யூரோதான். டியோரின் அந்த உற்பத்திப் பிரிவை நீதிமன்றம் சில மாதங்கள் தன் மேற்பார்வையில் வைத்திருந்து, 2025 பிப்ரவரியில் விடுவித்தது. "இத்தாலியில் தைத்தது" என்ற வரியைப் பார்த்தே காசைக் கொடுப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாப் பிராண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. எர்மேஸ் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்தின் பிர்கின் பையைக் கையில் எடுத்துத் தையலைப் பாருங்கள். மெஷின் தையலில் மேலே ஒரு நூல், கீழே பாபினிலிருந்து ஒரு நூல். இரண்டும் துளைக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரத் தொடங்கும். குதிரைச் சேணம் தைக்கும் முறை வேறு. தேன்மெழுகு பூசிய ஒரே லினன் நூல், அதன் இரு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற ஓட்டம் பிடித்துக்கொள்ளும். 1837-ல் சேணப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது, பழக்கம் விடவில்லை. ஒரு பையை ஒரே ஆள் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து முடிக்கிறார், பதினைந்து இருபது மணி நேரம் பிடிக்கிறது. அந்த விலையிலும் பிராண்டுக்கான பங்கு பெரிதுதான். ஆனால் கைவேலை கண்ணுக்குத் தெரிகிறது. நெவர்ஃபுல் தையல் மெஷின் தையல். நேர்த்தியான, சீரான, நல்ல மெஷின் தையல், அவ்வளவுதான்.

சரி, முதலீடு விஷயத்துக்கு வருவோம். கணவர் பக்கம்தான் சாய்கிறேன், மன்னியுங்கள். அந்தப் பைக்குப் பெயர் தந்த நடிகை ஜேன் பிர்கின் பயன்படுத்திய முதல் பிர்கின் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. இப்படிப்பட்ட செய்திகள்தான் எல்லோர் மனதிலும் ஆசையை விதைக்கின்றன. அது ஒரே ஒரு பை, அருங்காட்சியகச் சரக்கு. கடையில் வாங்கிய விலைக்கு மேலேயே திரும்ப விற்கும் பைகள் என்றால் எர்மேஸின் பிர்கின், கெல்லி, இன்னும் விரல்விட்டு எண்ணும் சில மட்டும். அவற்றையும் நீங்கள் நேராகப் போய்க் கேட்டவுடன் எடுத்துத் தந்துவிட மாட்டார்கள்.

ஷனெலின் கிளாசிக் பையையும் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்காவில் 2019-ல் ஆறாயிரம் டாலருக்குள் இருந்த நடுத்தர அளவு பை, 2023-ல் பத்தாயிரத்தைத் தாண்டியது. உண்மைதான். ஆனால் ஏறியது கடையில் புதுப்பையின் விலை. நீங்கள் விற்கப் போகும்போது கிடைப்பது பழைய பையின் விலை, அதில் இடைத்தரகருக்குக் கமிஷன் வேறு. பவுனை எந்த ஊர்க் கடையிலும் அன்றைய விலைக்குப் போடலாம். பையை விற்க, அதை விரும்பும் ஒருவர் வர வேண்டும், அவர் உங்களை நம்பவும் வேண்டும். பழைய பைகள் விற்கும் வெஸ்டியேர் கலெக்டிவ் மாதிரித் தளங்களில் உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள். ஆனால் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள்.

ஆகவே இதைப் பவுனோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பட்டோடு ஒப்பிடுங்கள். பட்டுப்புடவையை யாரும் திரும்ப விற்கும் எண்ணத்தில் எடுப்பதில்லை. எத்தனை முறை கட்டுவோம் என்பதுதான் கணக்கு. வாரத்தில் மூன்று நாள் இந்தப் பையோடு ஆபீஸ் போனால் வருடத்துக்கு 150 நாள், ஐந்து வருடத்தில் 750 நாள். ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஆட்டோ காசு. பத்து வருடம் உழைத்தால் பாதி. அதே பை வருடத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வந்தால், ஐந்து வருடத்தில் பத்தே முறை, ஒவ்வொரு முறையும் 15,000. உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பத்திரமாக வைத்தால் கெடாது என்றும் நினைக்காதீர்கள். போன வருடம் ஒரு டாக்டரம்மா ஒரு பையைக் கொண்டுவந்தார். பெயர் பெற்ற ஐரோப்பியத் தயாரிப்பு, ஆறு வருடத்தில் நான்கைந்து முறைதான் எடுத்தாராம். பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தார். வெளியே புதுசு மாதிரி இருந்தது. உள்பையில் விரலை விட்டேன், பலாப்பழப் பால் மாதிரி ஒட்டியது. லைனிங்கில் பூசிய பாலியூரிதேன் நம் ஊர்ப் புழுக்கத்தில் கரைந்து பிசினாகிவிட்டது. பழைய லைனிங்கைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதுத்துணி தைத்தேன். பையைப் பழைய மென்மையான வேட்டித் துணியில் சுற்றி, காற்றுப்படும் தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுங்கள். இது எந்தப் பிராண்டுக்கும் பொருந்தும்.

பழையதாக வாங்குவது மோசமான யோசனை இல்லை, காசு மிச்சமாகத்தான் செய்யும். இரண்டு எச்சரிக்கை. லூயி விட்டான் ஒருபோதும் தள்ளுபடி விற்பனை நடத்துவதில்லை, ஆகவே "70 சதவீதத் தள்ளுபடி" என்ற விளம்பரம் எதுவாக இருந்தாலும் போலிதான். அடுத்தது, 2021 முதல் அவர்கள் உள்ளே தேதிக் குறியீடு அச்சிடுவதை நிறுத்திவிட்டு மைக்ரோசிப் வைக்கிறார்கள். "போன வருடம் வாங்கியது, உள்ளே தேதிக் குறியீடு இருக்கிறது பாருங்கள்" என்று ஒருவர் பெருமையாகக் காட்டினால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றால், மோனோகிராமை விட்டுவிட்டு அந்தப் பழுப்புக் கட்டம் போட்ட டாமியே எபேன் கேன்வாஸைப் பாருங்கள். காரணம் கைப்பிடி. மோனோகிராமில் வருவது சாயம், பூச்சு எதுவும் இல்லாத, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட வெளிர் தோல். நம் திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்களே, அந்த வம்சம். கை படப் படத் தேன் நிறத்துக்கு வரும் என்று பாரிஸில் அதை ரசிப்பார்கள். இங்கே தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை, வியர்வை, சானிடைசர், திடீர் மழை. தேன் நிறம் வருவதற்குள் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும், கறுத்ததை நான்கூட வெளுக்க முடியாது. டாமியே எபேனில் தோல் ஏற்கனவே கரும்பழுப்பு, சாயமிட்டது. அழுக்கு தெரியாது.

நல்ல தோல்தான் உங்கள் ஆசை என்றால், இந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட முழுத்தோல் பை புதுச்சேரியில் 1978-லிருந்து இயங்கும் ஹைடிசைனிலேயே கிடைக்கும். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல என்று புரிகிறது. பத்து வருட ஆசைக்கு மாற்றுச் சரக்கு கொடுத்தால் ஆசை போகாது, இரண்டாவது முறையும் செலவாகும். வீட்டுச் செலவு, சேமிப்பு எல்லாம் போக மீந்த போனஸ்தான், வாரத்தில் மூன்று நாள் தூக்குவேன் என்றால் வாங்குங்கள். கிரெடிட் கார்டு தவணையில் என்றால் வேண்டாம்.

பாரிஸில் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டி வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் கிடைக்கும். அங்கே மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். கட்டணங்கள் போகக் கையில் திரும்புவது சுமார் 12 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்பும் விமான நிலையத்தில் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும், பாரிஸில் அதற்குப் பாப்லோ என்ற மெஷின் நிற்கும். பையைக் காட்டச் சொல்லலாம், ஆகவே செக்-இன் பெட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். இங்கே இறங்கியதும் வரியில்லா வரம்பைத் தாண்டும் தொகைக்குச் சுங்கவரி உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மை விலை.

கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் போங்கள். பைக்குள் எல்லாவற்றையும் போட்டு, தோளில் மாட்டிப் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். அந்தக் கைப்பிடி மெல்லியது, பளு ஏறினால் தோளை அறுக்கும். மேலே ஜிப் கிடையாது, நடுவில் ஒரு கொக்கி மட்டும். காந்திபுரம் பஸ் நெரிசலில் இது சரிப்படுமா என்றும் யோசியுங்கள். விற்பனைப் பெண் சிரித்தால் சிரிக்கட்டும். தோள் வலித்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு ஈஃபில் கோபுரம் பார்க்கப் போய்விடலாம்.