இட்லிக்கு ஒரு ரூபாய் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அப்பா டெல்டாவில் ஒரு சிற்றூரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே முப்பது வருடமாகச் சைவ ஓட்டல் நடத்துகிறார். சரக்கு மாஸ்டரும் (தலைமைச் சமையல்காரர்) அவரே. மாவு, சட்னி, காய் நறுக்குவது எல்லாம் அம்மா. வேலையாட்கள் ஆறு பேர். மதியம் பன்னிரண்டு பேருக்குக் காசு வாங்காமல் சாப்பாடு போடுகிறார். கடனுக்குச் சாப்பிடுகிறவர்களின் பற்று நோட்டில் தினம் 700 ரூபாய் ஏறுகிறது, பாதிதான் திரும்பி வருகிறது. ஊரில் நல்ல பெயர். வீட்டு நகை வங்கியில் இருக்கிறது.

தினசரி வியாபாரம் 14,000. மளிகை, காய், பால் 5,900; சம்பளம் 3,300; கேஸ் 1,000; வாடகை 900; ஜிஎஸ்டி 700; மின்சாரம், தண்ணீர், இலை, சில்லறைச் செலவு 700. தினம் 1,500 மிஞ்ச வேண்டும், மிஞ்சுவதில்லை. தர்மம்தான் கடையைத் தின்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். கடையை மூடச் சொல்வதா, நானே போய் எடுத்து நடத்துவதா?

க.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள க.,

கணக்கோடு எழுதினீர்கள், நன்றி. ஓட்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாம்பார் வாசனையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதலில் அந்த 1,500. அது லாபம் இல்லை. உங்கள் அப்பா பார்க்கும் வேலைக்கு வெளியாள் வைத்தால் நாளுக்கு 900 ரூபாயாவது கேட்பார், அதுவும் முன்பணம் வாங்கிக்கொண்டு. அம்மா பார்க்கும் வேலைக்கு 500 வையுங்கள். 1,400 இவர்கள் இருவரின் கூலி. கடையின் லாபம் நூறு ரூபாய். நோட்டில் திரும்பாத 350-ஐக் கழித்தால் கடை தினம் 250 நஷ்டத்தில் ஓடுகிறது, அதைத் தங்கள் கூலியிலிருந்து இவர்கள் ஈடுகட்டுகிறார்கள். ஊருக்குக் கொடுக்கிற மனுஷன் என்று பெயர் அப்பாவுக்கு. கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அம்மாவுடையது. அவர் பெயரில் ஒரு சம்பளப் பக்கம் போட்டு, வாரக் கடைசியில் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து தர்மக் கணக்கு. சாப்பாடு 80 ரூபாய் என்றால் நீங்கள் பன்னிரண்டையும் எண்பதையும் பெருக்கி 960 என்று வைத்திருப்பீர்கள். அப்படி வராது. வாடகை, சம்பளம் எல்லாம் அந்தப் பன்னிரண்டு பேர் வந்தாலும் வராவிட்டாலும் போகிறவை. கூடுதலாக ஆவது அரிசி, குழம்பு, பொரியல், இலை. ஆளுக்கு 35 ரூபாய், ஆக 420. அதுவும் 5,900-க்குள்ளேயே இருக்கிறது, இன்னொரு முறை கழிக்காதீர்கள். 14,000 ரூபாய் வியாபாரம் பண்ணுகிற கடையை 420 ரூபாய் தின்றுவிடாது.

தின்பது வேறு. மூன்று நாள் ஒரு வேலை செய்யுங்கள். தட்டு எடுக்கிற இடத்தில் பத்து லிட்டர் வாளி ஒன்றைத் தனியாக வைத்து, தட்டில் மிஞ்சும் சாம்பாரை மட்டும் அதில் கொட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோ துவரம்பருப்பில், பரங்கிக்காய் போட்டு, டிபன் சாம்பார் சுமார் 12 லிட்டர் வரும். வாளியில் தினம் ஆறு லிட்டர் சேர்ந்தால் அரை கிலோ பருப்பும் அதற்கான காய், புளி, எண்ணெயும் சாக்கடைக்குப் போகிறது என்று அர்த்தம். இதற்காகச் சாம்பாரைத் தண்ணியாக்க வேண்டாம், அதை ஊர் மன்னிக்காது. சப்ளையர் முதலில் அரைக் கரண்டி ஊற்றிவிட்டு இரண்டாம் முறை வந்து கேட்க வேண்டும். இரண்டு முறை கேட்டு ஊற்றினால் சாப்பிடுகிறவருக்கு மரியாதையாகவும் இருக்கும்.

மாவு இதைவிடப் பெரிய ஓட்டை. பத்துக் கிலோ இட்லி அரிசிக்கு இரண்டரைக் கிலோ முழு உளுந்து, நூறு கிராம் வெந்தயம் என்று போட்டால் 600 இட்லி எடுக்கலாம். பங்குனி, சித்திரையில் அதே அளவு போட்டும் எண்ணிக்கை குறையும். ஓடி ஓடிக் கிரைண்டர் கல் சூடேறிவிடும், சூட்டில் உளுந்து உப்பாது. ஊறவைத்த உளுந்தைக் குளிர வைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் ஓட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே கரைத்து வைத்த மாவு கோடையில் நடுராத்திரியில் பொங்கி, விடியும் முன் இறங்கிப் புளித்துவிடும். முதல் பஸ்ஸுக்கு வருகிறவர் வாயில் வைப்பது அந்தப் புளிப்பைத்தான். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் அரையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தலைகீழ்: நாலு மணிக்கே அரைத்து, பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்து, அடுப்படி ஓரமாக வைக்க வேண்டும். பொங்காத மாவில் ஆப்பசோடா போட்டுச் சமாளிக்கிற பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். இட்லி மஞ்சளடிக்கும், வாடை வரும்.

கேஸுக்கு ஆயிரம் என்றால் 19 கிலோ சிலிண்டர் தினம் ஏறக்குறைய பாதி. பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே எப்போதோ வரும் ஒரு தோசைக்காகக் கல் முழுத் தீயில் காய்ந்துகொண்டிருக்கும், அதைப் பாருங்கள். பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறது, தீ மஞ்சளாக எரிகிறது என்றால் பர்னர் அடைத்திருக்கிறது. வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டு சிலிண்டரைக் கடைக்குள் கொண்டு வந்துவிடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

இதையெல்லாம் செய்தாலும் விலையை ஏற்றாமல் முடியாது. இட்லிக்கு ஒரு ரூபாய் ஏற்றினால், தினம் 600 இட்லி போகும் கணக்கில் 600 ரூபாய், ஐந்து சதவீத ஜிஎஸ்டி போக 570. பன்னிரண்டு பேரின் சாப்பாடும் அதிலேயே அடங்கி 150 ரூபாய் மிஞ்சும். கூட்டிக் கழித்தால் அந்தச் சாப்பாட்டை ஊரே போடுகிறது, அப்பா இலை போட்டுப் பரிமாறுகிறார். அவர் விலை ஏற்ற மறுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கோவை வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டாரே என்று யாராவது உங்கள் அப்பாவிடம் சொல்லத்தான் செய்வார்கள். அவர் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே செய்தார். ஆறு பேருக்குச் சம்பளம் கிடையாது, கடை வாடகை கிடையாது. 2013-இல் வந்த அம்மா உணவகத்திலும் இட்லி ஒரு ரூபாய்தான், பின்னால் மாநகராட்சிப் பணம் நின்றது. பேருந்து நிலையத்துக்கு எதிரே வாடகைக் கட்டடத்தில் நிற்கிறவர் இவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இலவசச் சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். கல்லாவில் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே டோக்கனை அவர்களுக்கும் கொடுக்கட்டும், கல்லாவுக்குள் இருக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது சப்ளையருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இரண்டாம் சோறு வரத் தாமதமாகும், பொரியல் தீர்ந்துபோகும். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி 35-ஆல் பெருக்கி ‘தர்மம்’ என்ற தலைப்பில் செலவெழுதுங்கள். சீருடையில் வந்து சாப்பிட்டுவிட்டுக் கல்லாப் பக்கம் திரும்பாமல் போகிறவர்களுக்கும் ஒரு தலைப்பு வேண்டும். பெயர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பற்று நோட்டை ஒரே நோட்டாக வைப்பதுதான் தப்பு. கண்டக்டர், டிரைவர், ஆசிரியர் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள், ஐந்தாம் தேதிக்குள் தீர்க்கலாம். டெல்டா விவசாயிக்குச் சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் ஏற வேண்டும். தையோ மாசியோ ஆகும். ஐப்பசியில் அவரிடம் கேட்டால் காசும் வராது, ஆளும் வரமாட்டார். மூன்றாவது வகை ஆர்டர் பற்று: காதுகுத்து, கட்சிக் கூட்டம், அலுவலக மீட்டிங். திரும்பாத பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். பாதிப் பணம் முன்னால் வராமல் ஆர்டருக்கு அரிசி களையக் கூடாது. ஏழையிடம் வராத கடன் நாற்பது ஐம்பதாகத்தான் இருக்கும். வெள்ளை வேட்டிக் கடன் நாலாயிரமாக நிற்கும்.

ஒரு விஷயத்தில் உங்கள் அப்பா பக்கம் நிற்கிறேன். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடவில்லை என்றால் இட்லி இல்லை. விறகடுப்பும் அண்டாவும் மூட்டை அரிசியும் வைத்திருக்கிற கடையால் அப்போதும் தக்காளிச் சோறோ கஞ்சியோ போட முடியும். பழைய விறகடுப்பை இடத்தை அடைக்கிறது என்று இடித்துவிடாதீர்கள்.

மூடுவதா, எடுப்பதா? இரண்டும் இப்போது வேண்டாம். நான்கு வாரம் மணிவாரியாக விற்பனையை எழுதச் சொல்லுங்கள். மூன்றரைக்கு எழுந்து இரவு பத்துக்குக் கடை சாத்துகிறவரின் காலில் நரம்பு சுருண்டிருக்கும், அதை அவர் உங்களிடம் காட்டியிருக்க மாட்டார். ராத்திரி எட்டரைக்கு மேல் வரும் வியாபாரம் அந்த நேரத்துக் கேஸுக்கும் கூலிக்குமே சரியாகப் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் எட்டரைக்கே சாத்தலாம். சந்தை நாளை விட்டுவிட்டு வாரத்தில் ஒரு அரைநாள் விடுமுறை.

நீங்கள் போவதானால் ஆறு மாதம் மாவிலும் வாளியிலும் நில்லுங்கள். கல்லாவில் அவரே உட்காரட்டும். விலைப் பலகையைப் பொங்கல் கழிந்து மாற்றுங்கள். வேலையாட்கள் ஊருக்குப் போய்த் திரும்ப எப்படியும் பத்து நாள் ஆகும், கடை அப்போதுதான் நிதானத்துக்கு வரும். பழைய பற்று நோட்டை மாசி முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.